அப்டேட்: லீன் கோட் பி0171, ஒரு வழியா ஆள் சிக்கிட்டான்

முன்னாடி சொன்னேன்ல, நம்ம ஹைப்ரிட் வண்டியில செக் இன்ஜின் லைட், பி0171 (இன்ஜின்ல காத்து ஜாஸ்தி, பெட்ரோல் கம்மின்னு சொல்ற லீன் கோட்), அழிச்சா நாலு நாள்ல திரும்ப வந்துடும்னு. ஏர்ஃப்ளோ சென்சார் க்ளீன் பண்ணி, ஃபில்டர் மாத்தி, மெக்கானிக் பேச்ச கேட்டு ஏர் ஃபியூயல் சென்சாரும் புதுசு போட்டு (அந்த காச நெனச்சா இப்பவும் வயிறு எரியுது) ஒண்ணும் நடக்கல.

இந்த தடவ பார்ட் எதையும் தொடாம ஸ்கேனர்ல ஃபியூயல் ட்ரிம் (வண்டி கம்ப்யூட்டர் பெட்ரோல எத்தன சதவீதம் கூட்டுது, கொறைக்குதுங்கிற நம்பர்) மட்டும் பாத்துட்டே உக்காந்தேன். ஹைப்ரிட்ல தொல்ல என்னன்னா வண்டி நின்னாலே இன்ஜினும் ஆஃப் ஆயிடும், ஐடிள்ல என்ன நடக்குதுன்னே தெரியாது, அதனால இன்ஜின் ஆஃப் ஆகாம இருக்க மெயின்டனன்ஸ் மோட்ல போட்டு ஓட விட்டேன். ஐடிள்ல லாங் ட்ரிம் (நாள்பட்ட திருத்தம்), ஷார்ட் ட்ரிம் (அந்தந்த நேரத்து திருத்தம்) ரெண்டும் சேத்து +24, ஆக்சிலரேட்டர் அமுத்தினா +6க்கு எறங்குது. பெட்ரோல் பம்ப் வீக்கா இருந்தா இது தலைகீழா இருக்கணும், லோடு ஏற ஏற மோசமாகணும். ஐடிள்ல இன்ஜின் இழுக்குற காத்தே கம்மி, சின்ன லீக்கும் பெருசா தெரியும். அப்போ எங்கயோ காத்து திருட்டுத்தனமா உள்ள போகுது.

மொதல்ல பர்ஜ் வால்வு (டேங்க்ல இருக்குற பெட்ரோல் ஆவிய இன்ஜினுக்கு விடுற வால்வு) ஹோஸ புடிச்சு நசுக்கி பாத்தேன், நம்பர் அசையல. அப்புறம் ஸ்மோக் டெஸ்ட், அதாவது இன்ஜினுக்கு காத்து போற வழியில புகைய விட்டு எங்க கசியுதுன்னு பாக்குறது. ரெண்டே நிமிஷம், இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியிலேர்ந்து புகை வருது! பிசிவி ஹோஸ் (இன்ஜின் உள்ள சேர்ற ஆவிய இன்டேக்குக்கு கொண்டு போற குழாய்) வளையிற எடத்துல ஆயில் ஊறி ஊறி கொழகொழன்னு ஆகி வெடிச்சிருக்கு, மேல இருந்து பாத்தா சுத்தமா தெரியாது.

ஹோஸ் மாத்தி ட்ரிம் ரீசெட் பண்ணியாச்சு. 600 கிலோமீட்டர் ஓட்டிட்டேன், ஐடிள்ல +3, லைட் வரல. பழைய ஏர் ஃபியூயல் சென்சார் டப்பால பத்திரமா இருக்கு, அது நல்ல சென்சார்தான் போல.