‘பியர் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ தமிழில் என்ன?

கையேட்டு மொழிபெயர்ப்பாளர், திருச்சி:
வணக்கம். அறிவியல் ஆசிரியர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் முட்டி நிற்கிறேன். ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991-இல் தொடங்கிய முறை இது. கேள்வி திரையில் வரும். ஒவ்வொருவரும் தனியாக யோசித்துக் கையிலுள்ள ‘கிளிக்கர்’ என்ற சிறு பொத்தான் கருவியில் விடையை அழுத்துவார்கள். சரியாகச் சொன்னவர்கள் 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால், பக்கத்தில் இருப்பவரோடு வாதாடிவிட்டு மறுபடி அழுத்த வேண்டும். இப்போதைக்குச் ‘சக மாணவர் கற்பித்தல்’ என்று போட்டிருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:
‘சக’ வடசொல். நன்னூல் பாயிரத்தைப் பாருங்கள்: ஆசான் உரைத்ததை முழுதாகக் கொண்டாலும் ‘காற்கூறு அல்லது பற்றலன்’, அதாவது கால்பங்குதான் பிடிபடும்; ‘அவ்வினையாளரொடு பயில்வகை ஒருகால்’, அதாவது உடன் பயில்வோரோடு பழகினால் இன்னொரு கால்பங்கு; பிறருக்கு எடுத்துரைத்தால்தான் மீதி அரைப்பங்கு. மசூர் சொல்வதை நன்னூலாசிரியர் பவணந்தி அன்றே பங்கு பிரித்து வைத்திருக்கிறார். ‘வினையாளர் பயிற்சி’ என்று போடுங்கள்.

அறிவியல் ஆசிரியை, விருதுநகர்:
ஐயா, அப்படிப் போட்டால் அலுவலக ஊழியருக்கான பயிற்சி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். எட்டாம் வகுப்பில் இதைச் செய்து பார்த்தேன். நடுவில் ஓட்டை போட்ட இரும்புத் தகட்டைச் சூடாக்கினால் ஓட்டை பெரிதாகுமா, சிறிதாகுமா? பெரும்பாலோர் சிறிதாகும் என்றார்கள். பேசவிட்டதும் ஒரு பையன், “மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைக் காய்ச்சித்தானே மாட்டுறாங்க? சிறிசானா எப்படி உள்ளே போகும்?” என்றான். வகுப்பே கட்சி மாறிவிட்டது. ‘கலந்து பேசிக் கற்றல்’ போதும், பிள்ளைகளுக்கும் புரியும்.

விரிவுரையாளர், யாழ்ப்பாணம்:
எங்களுக்குச் ‘சகபாடி’ வீட்டில் புழங்கும் சொல். ‘சகபாடிக் கற்றல்’ என்றால் எவரும் அகராதி தேட மாட்டினம்.

வரலாற்று ஆர்வலர், சென்னை:
சற்று விலகிப் போகிறேன். திண்ணைப் பள்ளியில் மற்றப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தந்த மூத்த மாணவனை, சட்டாம்பிள்ளையை, மறக்கலாமா? எழும்பூர் ஆதரவற்ற சிறுவர் பள்ளியில் ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல் மாணவர்களைக் கொண்டே மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். அதைப் பற்றி 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்றே அங்கு பரவியது. மணலில் எழுதிப் பழகுவதை அவர் நம் பிள்ளைகளிடம் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டார். ஆகவே ‘சட்டாம்பிள்ளை முறை’!

கையேட்டு மொழிபெயர்ப்பாளர்:
அங்கேதான் எனக்கு இடிக்கிறது. சட்டாம்பிள்ளை தெரிந்தவன், மற்றவன் தெரியாதவன். மசூர் வகுப்பில் வாதம் முடியும்வரை யார் சரி என்று இருவருக்குமே தெரியாது. அதனால் ‘கற்பித்தல்’ கூடாது. வெறும் ‘பேசி’ என்றாலோ, முதலில் தனியாக யோசித்து ஒரு விடையில் நிற்க வேண்டும் என்பது போய்விடுகிறது. அது இல்லாவிட்டால் கெட்டிக்காரப் பிள்ளை சொன்னதற்கு எல்லோரும் தலையாட்டுவார்கள். ‘உசாவிக் கற்றல்’ எப்படி? உசாவுதலில் கேட்பதும் உண்டு, கலந்து ஆராய்வதும் உண்டு.

அறிவியல் ஆசிரியை:
உசாவி என்றால் பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனால் சொல்லிக் கொடுத்தால் பிடித்துக்கொள்வார்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன்.

விரிவுரையாளர், யாழ்ப்பாணம்:
எனக்கும் சம்மதம். இலங்கைப் பதிப்பில் சகபாடியை அடைப்புக்குறிக்குள்ளாவது போடுங்கள்.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:
எனக்குச் சம்மதமில்லை. உசாவல் யாரோடும் நடக்கலாம்; உடன் பயில்வோர் எங்கே போனார்கள்? ‘உடன்பயில்வோர் உசாவல்’ என்றாவது போடுங்கள். அப்புறம், கிளிக்கரை அப்படியே விட்டுவிட்டீர்களே?