புதுப்பிப்பு: முறுக்கு லேபிளில் எள் வராத சிக்கல் தீர்ந்தது

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. அமெரிக்காவுக்கு அனுப்பும் எங்கள் முறுக்கில் எள் இருந்தும், ஈஆர்பி மென்பொருள் (சரக்கு, உற்பத்தி, லேபிள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கவனிக்கும் நிறுவன மென்பொருள்) அதை லேபிளின் ஒவ்வாமைப் பட்டியலில் காட்டவில்லை என்று கேட்டிருந்தேன்.

காரணம் இதுதான். மென்பொருளில் ஏற்றியிருந்தது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 2020 லேபிள் விதிப் பட்டியல். அதில் எள் கிடையாது. அமெரிக்காவிலோ 2023 ஜனவரி 1 முதல் எள் ஒன்பதாவது முக்கிய ஒவ்வாமைப் பொருள். நாட்டுக்கு ஒரு பட்டியல் வைக்கச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. அப்புறம், ஒவ்வாமைக் குறியீட்டை முறுக்கின் பெயரில் போடாமல் ஒவ்வொரு மூலப்பொருளிலும் போட்டோம். இப்போது செய்முறைப் பட்டியல் வழியாக அது தானாகவே லேபிளுக்கு வந்துவிடுகிறது.

எதிர்பாராத ஒன்று: அரிசி மாவு முறுக்குக்குக் கோதுமை என்று எச்சரிக்கை வந்தது. எங்கிருந்து என்று தேடினால், பெருங்காயம்! கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு சேர்ப்பது வழக்கம். சப்ளையரின் விவரத்தாளிலும் அப்படியே இருந்தது. அதனால் மசாலா, பெருங்காயம் போன்ற கலவைகளின் உட்பொருள்களையும் பதிந்துவிடுங்கள்.

ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு எள் ஒட்டிவிடாமல் இருக்க, எள் இல்லாத வகையை முதலில் ஓட்டும்படி உற்பத்தி வரிசையை மென்பொருளே போட்டுத் தருகிறது. ஆனால் பொரிக்கும் எண்ணெய் முந்தைய பேட்ச்சில் ஏற்கெனவே பயன்பட்டதா என்பது அதற்குத் தெரியாது. அதை இன்னும் கையால்தான் எழுதி வைக்கிறோம்.