எல்லாரும் பேக் கவர் போட்டுடுறோம்; அப்புறம் போன் டிசைனுக்கு எதுக்கு இவ்வளவு சண்டை?

புதுவரவு77

ஒரு சந்தேகம். கேலக்ஸி எஸ்5ல (2014) பேட்டரியைக் கழட்டி மாத்தலாம், மெமரி கார்டு போடலாம், ஐபி67 தண்ணிப் பாதுகாப்பும் உண்டு. அடுத்த வருஷம் எஸ்6ல சாம்சங் மூணையும் தூக்கிட்டு, முன்னும் பின்னும் கண்ணாடி, நடுவுல அலுமினிய ஃப்ரேம்னு போயிட்டாங்க. பேட்டரியும் 2800 எம்ஏஎச்சுலருந்து 2550க்கு இறங்கிடுச்சு. ஆனா விமர்சகர்கள் கொண்டாடுனது எஸ்6ஐத்தான். வாங்கின அன்னைக்கே கவருக்குள்ள போற பொருளுக்கு அழகு எதுக்கு? சும்மா விளம்பரமா, இல்ல நிஜமாவே விற்பனையை முடிவு பண்ணுதா?

சில்லுக்காரன்

எஸ்5 வந்த வருஷம் சந்தை எப்படி இருந்துச்சுன்னு பாருங்க. அதுல இருந்த ஸ்னாப்டிராகன் 801 ப்ராசஸர் சிப்தான் எச்டிசி ஒன் எம்8, சோனி இசட்2, எல்ஜி ஜி3, ஷாவ்மி மி 4, ஒன்பிளஸ் ஒன் எல்லாத்துலயும் இருந்துச்சு. ஒன்பிளஸ் ஒன் 299 டாலர்தான். எஸ்5 கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. வேகத்தைக் காட்டி அந்த விலையை வாங்க முடியாது. மிச்சம் இருந்தது திரை, கேமரா, கையில எடுத்தா தெரியுற தரம். கடைசி விஷயத்துலதான் எஸ்5 அடி வாங்குச்சு. புள்ளி புள்ளியா குழி வச்ச அந்த பிளாஸ்டிக் முதுகை காயத்துக்கு ஒட்டுற பிளாஸ்திரின்னே கிண்டல் பண்ணாங்க. பக்கத்துலயே அலுமினிய எம்8 வேற.

2014 ஜூலை–செப்டம்பர்ல சாம்சங் மொபைல் பிரிவோட லாபம் முந்தின வருஷம் அதே காலாண்டுல இருந்ததுல ஏறக்குறைய கால்வாசிதான். ஐபோன் 6 கடைக்கு வந்ததே அந்தக் காலாண்டோட கடைசி ரெண்டு வாரத்துல. அதனால முழுப் பழியையும் அது மேல போட முடியாது. கீழ இருந்து சீனக் கம்பெனிங்க விலையில நெருக்குனாங்க, மேல விலை வைக்க எஸ்5 கிட்ட காரணம் இல்ல.

கவரைப் பத்தி: கவர் போடுறது பணம் கட்டின பிறகு. எதை வாங்குறதுன்னு முடிவாகுறது கவுண்டர்ல, கவர் இல்லாத டெமோ பீஸைக் கையில வச்சுக்கிட்டு.

அனோடைஸ்

மேலே சொன்னது விற்பனைக் கணக்கு. டிசைனை வெறும் மேல்பூச்சாக நினைப்பதால்தான் இந்தக் கேள்வியே வருகிறது. உடலை மாற்றினால் உள்ளே எல்லாமே மாறும்.

எஸ்5 தடிமன் 8.1 மி.மீ., எஸ்6 6.8 மி.மீ. கழற்றும் பேட்டரியை ஆட்கள் கையால் தொடுவார்கள், கீழே போடுவார்கள். அதனால் அதற்குக் கெட்டியான தனி ஓடு வேண்டும். அதைச் சுற்றித் தொட்டிச் சுவர், தொடுமுனைகள், மூடியின் கொக்கிகள், தண்ணீர் புகாமலிருக்க ரப்பர் வளையம். இவ்வளவும் சார்ஜ் தராத இடம். மூடிய உடலில் மெல்லிய உறை போட்ட பேட்டரியைப் பசையால் ஒட்டிவிடலாம். ஆனால் எஸ்6ல் மிச்சமான இடத்தைப் பேட்டரிக்குக் கொடுக்காமல் மெலிவுக்குக் கொடுத்தார்கள், தவறு அங்கேதான். 2016ல் எஸ்7 வந்தபோது தடிமன் 7.9 மி.மீ., பேட்டரி 3000 எம்ஏஎச், கார்டும் ஐபி68ம் திரும்பி வந்தன. தோற்றம் ஏறக்குறைய அதேதான். பேட்டரி மட்டும் கழற்ற முடியாமலே நின்றுவிட்டது.

உலோகத்துக்கு வேறு தலைவலி. அலுமினியம் ரேடியோ அலையை மறிக்கும். ஐபோன் 6 முதுகில் தெரியும் பட்டைகள் அலங்காரம் இல்லை, ஆன்டெனாவைப் பிரிக்கும் பிளாஸ்டிக். முழு உலோக முதுகு வழியாக வயர்லெஸ் சார்ஜிங்கும் நடக்காது. சுருளின் காந்தப்புலம் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கி வெப்பமாக வீணாகிவிடும். 2017ல் ஐபோன் 8 கண்ணாடி முதுகுக்குத் திரும்ப இது முக்கியக் காரணம். கண்ணாடி உடைந்தால் மாற்றுவது பெரும் செலவு. 2022ல் ஐபோன் 14ல்தான் பின் கண்ணாடியைத் தனியாகக் கழற்றும்படி உள் அமைப்பை மாற்றினார்கள். அதே வருட 14 ப்ரோவில் அந்த வசதி இல்லை.

தோற்றத்துக்காக எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கும் ஆப்பிளிலேயே சான்று உண்டு. ஐபோன் 4ல் (2010) வெளி எஃகு வளையமே ஆன்டெனா. இடது கீழ் மூலையில் உள்ள இடைவெளியைக் கை மூடினால் சிக்னல் இறங்கியது; விளிம்பைச் சுற்றி மாட்டும் உறையை (பம்பர்) இலவசமாகக் கொடுத்துச் சமாளித்தார்கள். ஐபோன் 6 பிளஸ் 7.1 மி.மீ., பேண்ட் பையில் வளைந்தது. பலவீனமான இடம் வால்யூம் பொத்தான் துளைகளின் அருகே. அடுத்த 6எஸ் வரிசையில் இன்னும் உறுதியான 7000 தர அலுமினியம் போட்டு இறுக்கினார்கள்.

கணக்கப்பிள்ளை

எல்லாம் சரி, ஆனா டிசைன் ஜெயிக்க வைக்கும்னு முடிவு கட்டிடாதீங்க. எச்டிசி ஒன் எம்7 (2013) ஒரே அலுமினியக் கட்டி, முன்பக்கம் ரெண்டு ஸ்பீக்கர். அந்த வருஷம் அதைவிட அழகான ஆண்ட்ராய்டு இல்லன்னு நான் இன்னைக்கும் சொல்லுவேன். அதே வருஷம் மூணாம் காலாண்டுல எச்டிசி நஷ்டம் காட்டுச்சு. கேமரா பாகம் கிடைக்காம போன் கடைக்கு வரவே தாமதம், 4 மெகாபிக்சல் கேமராவை விளக்கிச் சொல்லியே ஓஞ்சாங்க, விளம்பரத்துல சாம்சங் கிட்ட நெருங்கவே முடியல. 2017ல தன் போன் குழுவுல ஒரு பகுதியை 110 கோடி டாலருக்கு கூகுளுக்குக் கொடுத்தாங்க. உற்பத்தி, விநியோகம், விளம்பரம் மூணும் இருக்கிறவனுக்குத்தான் டிசைன் பலம். சாம்சங் கிட்ட மூணும் இருந்துச்சு. அவங்களாலயே எஸ்6 எட்ஜோட வளைஞ்ச திரையைத் தேவைக்கு ஏத்த அளவு தயாரிக்க முடியல.

வழக்குமன்றம்

காசு கணக்கு வேணும்னா ஆப்பிள்–சாம்சங் வழக்கைப் பாருங்க. 2012 ஆகஸ்ட்ல கலிபோர்னியா ஜூரி, சாம்சங் ஆப்பிளுக்குக் கட்டணும்னு விதிச்சது சுமார் 105 கோடி டாலர். வட்ட மூலை வச்ச முன்பக்கம், அதைச் சுத்தின விளிம்பு, ஐகான்களை வரிசையா அடுக்கின திரை, இதெல்லாம் டிசைன் காப்புரிமை. அமெரிக்கச் சட்டப்படி டிசைனை மீறினா அந்தப் பொருளோட மொத்த லாபத்தையும் கேக்கலாம். மொத்த லாபம்னா முழுப் போனோடதா, இல்ல அந்தப் பாகத்தோடது மட்டுமான்னுதான் உச்ச நீதிமன்றம் வரைக்கும் சண்டை. 'பொருள்'ங்கிறது ஒரு பாகமாவும் இருக்கலாம்னு 2016 டிசம்பர்ல எட்டு நீதிபதிகளும் ஒரே குரல்ல சொன்னாங்க. 2018 மே மாசம் புது ஜூரி 53.9 கோடி டாலர் விதிச்சது. அதுல 53.3 கோடி டிசைனுக்கு, மிச்சம்தான் தொழில்நுட்பக் காப்புரிமைக்கு. அடுத்த மாசமே சமரசம்.

புதுவரவு77

நன்றி எல்லாருக்கும். அப்ப வாங்கும்போது டிசைன்ல எதைத்தான் பாக்கணும்? 5.6 மி.மீ. ஐபோன் ஏர், 5.8 மி.மீ. எஸ்25 எட்ஜ்னு திரும்பவும் மெலிவுக்கே வந்துட்டாங்களே.

அனோடைஸ்

கவர் போடுபவராக இருந்தால் மெலிவுக்குப் பணம் தராதீர்கள். சாதாரண சிலிகான் கவரே முதுகில் ஒரு மி.மீ.க்கு மேல் சேர்க்கும். வாங்கிய மெலிவு அங்கேயே போய்விடும். ஐபோன் ஏரில் பேட்டரி 3149 எம்ஏஎச், பின்னால் ஒரே கேமரா. எஸ்25 எட்ஜில் 3900.

திரை தட்டையா, ஓரம் வளைந்ததா என்று பாருங்கள். வளைந்த திரையில் சாதாரண டெம்பர்டு கிளாஸ் ஓரம் தூக்கிக்கொள்ளும். திரவப் பசை ஊற்றி யூவி விளக்கில் காயவைக்கும் வகைதான் நிற்கும். அதை ஒட்டும் முன் ஸ்பீக்கர் துளை, பொத்தான் இடைவெளிகளை டேப்பால் மூடச் சொல்லுங்கள். பசை உள்ளே வழிந்தால் பொத்தான் ஒட்டிக்கொள்ளும், ரிசீவர் சத்தம் மங்கும்.

பின் கண்ணாடி தனியாகக் கழலுமா என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள், மாற்ற என்ன விலை என்றும். அதிவேக சார்ஜிங்கில் கை பொறுக்காத சூடு வந்தால் சார்ஜ் ஏறும்வரை கவரைக் கழற்றிவிடுங்கள். எடைக்கு, கவரையும் சேர்த்துத் தூக்கிப் பார்க்க வேண்டும். கடையில் கேட்டால் டெமோ பீஸுக்கு ஒரு கவர் மாட்டித் தருவார்கள்.