முதல் தடவை அளவியைப் பிடித்த நாள்: உங்களுக்கு என்ன நடந்தது?

மாங்குளத்தாள்

புனல் கதையை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டும். பத்து வருடமாகியும் விட்டுப் போகவில்லை.

கம்பஸ் முதல் வருடம், அமில மூல நியமிப்பு: ஒரு கரைசலுக்குள் மற்றதைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் இடத்தில் நிறுத்தி, எவ்வளவு போனது என்று வாசிப்பது. ஊரில் உயர்தரம் படித்தபோது ஒரேயொரு அளவிதான் (பியூரெட், கீழே திருகு வைத்த அளவுக் கண்ணாடிக் குழாய்). சேர் செய்வார், நாங்கள் எட்டிப் பார்த்துக் கீறுவோம். கண்ணை மூடிக்கொண்டும் அளவி கீறுவேன் நான். அன்றைக்கு எனக்கு வந்த வாசிப்பு 24.60, 24.35, 24.70. பக்கத்து மேசைகளில் எல்லாருக்கும் 25.10ஐ ஒட்டி. நான்தான் அவசரப்பட்டு நிறுத்துகிறேனாக்கும் என்று நான்காவது தடவை கடும் ரோஸ் நிறம் வரும்வரை விட்டேன்.

டெமோ அக்கா (செய்முறை வகுப்பில் காட்டித் தருகிறவ) வந்தா. ஒன்றும் பேசவில்லை. அளவியின் தலையில் நான் வைத்தபடியே விட்டிருந்த புனலை எடுத்து என் கொப்பியின் மேல் வைத்தா. அதன் காலில் ஒட்டியிருந்த சொட்டு, முதல் நாள் இரவு நான் கீறி வைத்த படத்தில் விழுந்து மை கரைந்தது. அப்படிச் சொட்டுகள் அளவிக்குள் விழுந்துதான் வாசிப்புக் குறைந்திருக்கிறது. அந்தப் படத்திலும் புனல் இருந்தது.

செட்டிக்குளம்09

ஒரு அளவி இருந்ததா? பெரிய ஆட்கள்தான் நீங்கள்.

2009, மெனிக் பாம் அகதி முகாம். தறப்பாளுக்குள் வகுப்பு. கம்பஸ் படிப்பை இடையில் விட்ட அண்ணா ஒருவர், ஒருவரும் கேட்காமலே படிப்பித்தார். கம்பில் சேலைன் போத்தல் கட்டி, அதற்குள் சுண்ணாம்புத் தெளிவு. கீழே யோகட் கப்பில் தண்ணீர், இரண்டு சொட்டுத் தேசிக்காய்ப் புளி, கசக்கிப் பிழிந்த செவ்வரத்தம்பூ. சேலைன் வயரில் இருக்கும் சின்ன உருளையைப் பெருவிரலால் தள்ளினால் சொட்டுச் சொட்டாக இறங்கும். சிவப்பு ஊதாவாகி, பிறகு ஒரே சொட்டில் பச்சை. (சேலைன் வயரைக் கண்டதும் எழும்பிப் போனவர்களும் இருந்தார்கள். அது வேறு கதை.)

இரண்டு வருடம் கழித்து உண்மையான ஆய்வுகூடம். இடக்கையால் திருகைச் சுற்றிப் பிடி, வலக்கையால் குடுவையைச் சுழற்று என்று காட்டித் தந்தார்கள். என் பெருவிரலோ கண்ணாடியின் மேல் உருளையைத் தேடித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. டெமோ, "தம்பி, மருந்து ஏத்துறீரோ?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

மாங்குளத்தாள், புனலை எடுக்கச் சொல்லித் தராத சேரைக் குறை சொல்வது சுலபம். ஒரு அளவியை வைத்துக்கொண்டு அந்த மனிசன் வேறு என்ன செய்திருப்பார்?

மாங்குளத்தாள்

நான் எங்கே அவரைக் குறை சொன்னேன்? படத்தில் புனல் இருந்தது என்றுதானே எழுதினேன்.

செட்டிக்குளம்09

அதைத்தான் சொல்கிறேன்.

கிணத்தடி

அளவிச் சண்டையைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். என்னுடையது படிப்பு முடிந்து, தண்ணீர் பரிசோதிக்கும் ஓரிடத்தில் பயிலுநராக இருந்தபோது நடந்தது.

வவுனியாப் பக்கம் ஒரு அம்மா, பேரப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஒறேஞ் சோடாப் போத்தலில் கிணற்றுத் தண்ணீர் கொண்டு வந்தா. மூடியைத் திறந்தால் இன்னும் ஒறேஞ் வாசம். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. வேறு சுத்தமான பிளாஸ்ரிக் போத்தலை அதே தண்ணீரால் மூன்று தரம் அலசி, நிரப்பி, திகதியும் கிணறும் எழுதிக் கொண்டு வரச் சொல்ல வேண்டும். சொன்னேன், சரி. அதோடு நின்றிருக்கலாம். "குடிக்கலாமோ தம்பி?" என்று கேட்டா. தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவு. "இது நல்ல தண்ணிதான் அம்மா, ஒரு பிரச்சினையும் இராது" என்று சொல்லிவிட்டேன். வெயிலுக்குள் வந்திருக்கிறா, பாவம் என்று நினைத்தேன்.

கிழமை கழித்து முறையாக எடுத்த மாதிரி வந்தது. மின்வாயை வைத்தால் புளோரைட்டு லீற்றருக்கு 2.3 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 1.5. முடிவு எடுக்க வந்த அன்றும் பேரன் கூடவே வந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். முன்பற்களில் குறுக்காக மண்ணிறக் கோடு, புளோரைட்டுக் கறை. முதல் நாளும் அவன் சிரித்திருப்பான். நான் போத்தலைத்தான் பார்த்திருக்கிறேன்.

"நீர் நல்ல தண்ணி எண்டு சொன்னீரே" என்று அம்மா கேட்டா. கோபமாகக்கூட இல்லை.

நெடுங்கேணி_வாசன்

கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லியிருக்கலாமே.

கிணத்தடி

கொதித்தால் கிருமி போகும், புளோரைட்டு போகாது. தண்ணீர் ஆவியாக மிச்சத்தில் செறிவு இன்னும் கூடும். அந்த அம்மாவும் கொதிக்க வைத்துத்தான் கொடுத்திருக்கிறா.

பழைய லாப்காரன்

பிள்ளைகள், எல்லாவற்றையும் வாசித்தேன். எனக்கு நடந்தது சின்ன விசயம். அப்பாவுக்குப் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை. ஆனையிறவு உப்பு அங்கே வந்து காஸ்ரிக் சோடாவும் குளோரினுமாகப் பிரிந்த காலம். சின்ன வயதில் வீட்டில் ஏதோ போத்தலைத் திறந்து நேரே மூக்கில் வைத்தேன். அப்பா பளார் என்று கன்னத்தில் ஒன்று தந்துவிட்டு, அதே கையால் போத்தல் வாய்க்கு மேலே காற்றை விசிறி, "இப்பிடி மண" என்று காட்டினார். அவர் அடித்தது அந்த ஒரு தரம்தான்.

இப்போது கேளுங்கள். அளவியை எந்தக் கரைசல் ஊற்றப் போகிறீர்களோ அதாலேயே அலச வேண்டும், குழாயியும் (பிப்பெட்) அப்படியே. கூம்புக் குடுவையை மட்டும் காய்ச்சி வடித்த தண்ணீரால் மட்டும். அதையும் கரைசலால் அலசிவிட்டு வாசிப்புக் கூடுகிறது என்று வருகிறவர்களை நான் எண்ணி முடித்ததில்லை. கீழ்நுனியில் காற்றுக் குமிழி நின்றால் ஒரு தரம் வேகமாகத் திறந்து விடுங்கள். கண் மட்டத்தில் வைத்து வாசியுங்கள். குட்டையான பிள்ளைகள் வெட்கப்படாமல் வாங்கில் ஏறலாம். கண்ணாடித் திருகு உள்ள அளவியில் காஸ்ரிக்கை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள், அடுத்த நாள் இறுகிவிடும், பிறகு உடைப்பதுதான். அமிலத்தைத் தண்ணீருக்குள் விடுங்கள், தண்ணீரை அமிலத்துக்குள் விடாதீர்கள். வெள்ளி நைத்திரேற்று தொட்டால் விரல் உடனே கறுக்காது, வீட்டில் சோறு தின்னும்போதுதான் தெரியும். நான்கைந்து நாள் போகாது. வாசிப்பைப் பேனையால் எழுதுங்கள். பிழைத்தால் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் எழுதுங்கள், அழிக்க வேண்டாம். கையில் எழுதிக்கொண்டு பிறகு கொப்பியில் ஏற்றுகிற பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள்.

செட்டிக்குளம்09

ஐயா, அனுபவம்தான் கேட்டது.

பழைய லாப்காரன்

நாற்பது வருடம் இதுதான் என் அனுபவம், தம்பி.

புதுக்குடியிருப்பு_பிள்ளை

அக்கா அண்ணாமாருக்கு வணக்கம். என்னிடம் கதை ஒன்றும் இல்லை. நாளைக்குத்தான் எனக்கு முதலாவது பிராக்ரிக்கல். ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். 25 மில்லிலீற்றர் குழாயியில் கடைசியாக நுனியில் நிற்கிற சொட்டை ஊதி விடுகிறதா?

பழைய லாப்காரன்

கூடவே கூடாது மகள். நுனியைக் குடுவைச் சுவரில் தொட்டுக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு எடு. அந்தச் சொட்டைச் சேர்க்காமல்தான் 25 கணக்குப் போட்டிருக்கிறான்.

புதுக்குடியிருப்பு_பிள்ளை

நாங்கள் ஸ்கூலில் ஊதித்தான் பழகினது, ஐயா.