லாட்ஜில் ஆதார் ஜெராக்ஸ் வாங்கி வைக்கலாமா? வேலூர் காந்தி ரோட்டு நிலவரத்துக்கு என்ன வழி?

கேள்வி: தோட்டப்பாளையம்24

காந்தி ரோட்டை ஒட்டின தெருவுல 24 ரூம் லாட்ஜ். தங்குறவங்கள்ல முக்கால்வாசி ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், பீகார், வடகிழக்கு, சித்தூர் பக்கம்னு பல ஊர். பங்களாதேஷ் பாஸ்போர்ட்டோடவும் வர்றாங்க.

இப்ப நடைமுறை இதுதான்: பெரியவங்க ஒவ்வொருத்தர் ஆதாரையும் ஜெராக்ஸ் வாங்கி ஃபைல்ல கோக்குறது, ஜெராக்ஸ் இல்லன்னா ரிசப்ஷன் போனுக்கு வாட்ஸ்அப்ல போட்டோ வாங்குறது. சமீபமா சிலர் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியுற ஆதாரைக் காட்டுறாங்க, ஜெராக்ஸ் தர மாட்டோம்னும் சொல்றாங்க. அதை ஏத்துக்கலாமா? ஜெராக்ஸ் இல்லாம நாளைக்கு ஏதாவது பிரச்சினைன்னா பொறுப்பு எங்க தலையில விழுமா? சட்டமும் நடைமுறையும் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதில் 1: பாலாற்றங்கரை

தாராளமாக ஏற்றுக்கொள்ளலாம். ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

2018 செப்டம்பர் 26 ஆதார் தீர்ப்பில், தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கேட்க இடம் கொடுத்த, ஆதார் சட்டத்தின் 57-ஆம் பிரிவின் பகுதியை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2019 திருத்தத்தில் 8ஏ என்ற புதுப் பிரிவு வந்தது. ஆஃப்லைனில், அதாவது ஆணையத்தின் சர்வரைத் தொடர்புகொள்ளாமல், ஆதாரைச் சரிபார்ப்பவர் அந்த எண்ணைச் சேகரிக்கவோ பயன்படுத்தவோ வைத்துக்கொள்ளவோ கூடாது என்கிறது அது. ஆதாருக்குப் பதில் வேறு எதைக் காட்டலாம் என்பதையும் நீங்களே சொல்ல வேண்டும். தாளில் உள்ள ஆதாரை வாங்கிப் பார்ப்பதும் ஆஃப்லைன் சரிபார்ப்பில் ஒரு வகைதான் என்று 2021 ஒழுங்குமுறை விதிகள் வகைப்படுத்தியிருக்கின்றன.

இத்தனை குழப்பத்துக்கு அரசும் ஒரு காரணம். 2022 மே 27-இல் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம், 'ஹோட்டல், தியேட்டர் போன்ற இடங்கள் ஆதார் நகலை வாங்கி வைக்க அனுமதி இல்லை' என்று அறிக்கை விட்டது. தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று சொல்லி 29-ஆம் தேதியே அதைத் திரும்பப் பெற்றார்கள். அறிக்கை போனாலும் 8ஏ பிரிவு அப்படியே இருக்கிறது. லாட்ஜ்களுக்கு என்று ஒரு பக்கத்தில் தெளிவான உத்தரவு போட்டிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

ரிஜிஸ்டரில் எழுத வேண்டியவை: வந்த தேதி, நேரம், பெயர், வயது, முழு முகவரி, செல் நம்பர், எத்தனை பேர், எங்கிருந்து வருகிறார், ரூம் எண், கையெழுத்து, காலி செய்த நேரம். அடையாளத்துக்கு 'ஆதார், கடைசி 4 இலக்கம், பார்த்தது' என்று எழுதி உங்கள் ஆள் இனிஷியல் போட்டால் போதும். ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் எதுவானாலும் இதே முறை. டிஜிலாக்கரில் திறந்து காட்டும் உரிமமும் செல்லும்.

'வந்த காரணம்' என்ற கட்டத்தில் ஒரு விஷயம். பல இடங்களில் அதில் நோயின் பெயரையோ டிபார்ட்மென்ட் பெயரையோ எழுதிவிடுகிறார்கள். பெயர், ஊர், போன் நம்பர், அதற்கு நேராகவே வியாதி! அடுத்து கையெழுத்துப் போடுபவர் மேலே இருப்பதை எல்லாம் படிப்பார். 'சிகிச்சை' என்ற ஒரு சொல்லோடு நிறுத்துங்கள். கெட்டியான காலண்டர் அட்டையில் ஒரு வரி அகலத்துக்கு நீளமாக வெட்டி, ரிஜிஸ்டர் மேல் வைத்துவிட்டால் அவரவர் வரி மட்டும்தான் தெரியும். செலவே இல்லை.

வெளிநாட்டுக்காரர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. வந்த 24 மணி நேரத்துக்குள் பாஸ்போர்ட், விசா விவரத்தை ஆன்லைனில் ஏற்றியே ஆக வேண்டும். நாம் சி ஃபார்ம் என்று சொல்லிப் பழகியது. 2025 செப்டம்பர் 1 முதல் குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம் 2025 நடப்பில் இருக்கிறது, பொறுப்பு இப்போதும் லாட்ஜ் மேல்தான். கூட வந்த உதவியாளருக்கும் தனியாக ஏற்ற வேண்டும். நோயாளிக்கு மட்டும் போட்டுவிட்டு இவரை விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

பதில் 2: காட்பாடி ஜங்ஷன்

மேலே சொன்னதோட சேர்த்து ஒண்ணு: ஜெராக்ஸ் வாங்குறது சரிபார்ப்பே கிடையாது சார். பிடிஎஃப்ல பேரையும் போட்டோவையும் மாத்தி பிரின்ட் எடுக்க 10 நிமிஷம் போதும். அந்தப் போலியை நீங்க பத்திரமா ஃபைல்ல கோத்து வைப்பீங்க. உண்மையான சரிபார்ப்பு க்யூஆர்ல இருக்கு.

ரிசப்ஷன் போன்ல ஆதார் ஆணையத்தோட க்யூஆர் ஸ்கேனர் செயலியைப் போடுங்க. ப்ளே ஸ்டோர்ல அதே பேர்ல கண்டதும் கிடக்கு, வெளியிட்டவர் பேர் பார்த்து இறக்கணும். ஸ்கேன் பண்ணினா பேர், பிறந்த தேதி, பாலினம், முகவரி, போட்டோ, கடைசி 4 இலக்கம் வரும். அதுல ஆணையத்தோட டிஜிட்டல் கையெழுத்து இருக்கு. ஒரு எழுத்தை மாத்தியிருந்தாலும் செல்லாதுன்னு காட்டிடும். திரையில வர்ற போட்டோவை எதிர்ல நிக்கிறவர் முகத்தோட ஒப்பிடுங்க. கார்டுல இருக்குற போட்டோவோட மட்டும் ஒப்பிட்டு விட்டுடாதீங்க, ஏமாத்துறவன் கை வைக்கிறது அங்கதான்.

ஸ்கேன் ஆகலன்னா உடனே சந்தேகப்பட வேண்டாம். லேமினேஷன்ல டியூப்லைட் வெளிச்சம் அடிச்சா படிக்காது, கார்டை லேசா சாய்ச்சுப் பிடிங்க. இந்த க்யூஆர்ல புள்ளி ரொம்ப நெருக்கம், அதனால ஜெராக்ஸ்ல இருந்து பெரும்பாலும் படிக்காது. மடிச்சு மடிச்சு நடுவுல கோடு விழுந்ததும் அப்படித்தான். பிவிசி (பிளாஸ்டிக்) கார்டும் பிடிஎஃப்பும் நல்லாப் படிக்கும்.

பழைய லெட்டர் ஆதார் வந்தா கவனம். அதுல இருக்குற க்யூஆர் பழைய வகை, கையெழுத்து கிடையாது. சாதாரண ஸ்கேனர்ல காட்டினாலே 12 இலக்கமும் பேரும் முகவரியும் அப்படியே எழுத்தா வந்துடும். மேல நம்பரைக் கறுப்பு மையால அடிச்சிருந்தாலும் பிரயோஜனமில்ல. அந்த மாதிரி கார்டு வந்தா வேற சான்று கேளுங்க.

வாட்ஸ்அப்ல போட்டோ வாங்குறதை இன்னைக்கே நிறுத்துங்க. அது கேலரிக்குப் போகும், கேலரி தானா கூகுள் போட்டோஸுக்கு ஏறும், வேலையை விட்டுப் போன பையனோட லேப்டாப்ல வாட்ஸ்அப் வெப் இன்னும் திறந்திருக்கும். லிங்க்டு டிவைசஸ்ல போய்ப் பாருங்க, தெரியாத கருவி இருந்தா லாக் அவுட் பண்ணிடுங்க.

பதில் 3: சத்துவாச்சாரி பேஸ்4

தனியுரிமை வேண்டாம்னு நான் சொல்லல. ஆனா லாட்ஜுங்குறது வீட்டை விட்டு ஓடி வந்த பிள்ளைகளும், கடத்திட்டு வரப்பட்டவங்களும், தேடப்படுற ஆளுங்களும் தங்குற இடமும்தான். ஜெராக்ஸை நிறுத்தினா அதுக்கு ஈடா எதையாவது பலமா செய்யணும். குடும்பத் தலைவர் ஒருத்தர் கார்டை மட்டும் பார்த்து அஞ்சு பேருக்கு ரூம் குடுக்குறது இங்க சர்வ சாதாரணம். பெரியவங்க எல்லார் கார்டையும் ஸ்கேன் பண்ணுங்க. சின்னப் பிள்ளைங்க இருந்தா யார் பிள்ளைன்னு ரிஜிஸ்டர்ல எழுதுங்க.

அப்புறம் கேமரா. ரிசப்ஷன், வாசல், மாடிப்படி, பார்க்கிங். இந்த நாலு போதும். ரூம் கதவைப் பார்த்து வைக்காதீங்க, டார்மிட்டரி உள்ள வைக்கவே கூடாது. 2 மெகாபிக்சல் கேமரா வினாடிக்கு 2 மெகாபிட் வேகத்துல ஓடினா ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. நாலு கேமராவுக்கு 86 ஜிபி. 1 டிபி ஹார்டு டிஸ்க் 11 நாள்லயே நிரம்பி பழசு மேல எழுத ஆரம்பிச்சிடும். 30 நாள் இருக்கணும்னா 2.6 டிபி வேணும், அதனால 4 டிபி போடுங்க. 'ஒரு மாசம் இருக்கும் சார்'னு போட்டவர் சொல்லிட்டுப் போவார், நீங்க பழைய தேதியைத் திறந்து பார்த்துத்தான் நம்பணும். டிவிஆர் (கேமரா பதிவாகுற பெட்டி) கடிகாரம் 20 நிமிஷம் தப்பா ஓடினா வழக்குல அதுவே சிக்கல், மாசம் ஒரு தடவை சரிபாருங்க.

பாஸ்வேர்டு அட்மின், 12345ன்னு விட்டுட்டுப் போற வழக்கத்தை ஒழிக்கணும். வெளியில இருந்து பார்க்க இன்டர்நெட்டுக்கு வழி திறந்து விடுற போர்ட் ஃபார்வர்டிங் போட்டு அந்த பாஸ்வேர்டையும் விட்டா உங்க ரிசப்ஷனை உலகத்துல யார் வேணா பார்க்கலாம்.

தோட்டப்பாளையம்24

அட்டை யோசனை நல்லா இருக்கு, க்யூஆரும் ஆரம்பிச்சிடறோம். இன்னும் ரெண்டு கேள்வி. பழைய ஜெராக்ஸ் ஒரு பீரோ நிறைய இருக்கு, அதை என்ன பண்றது? அப்புறம், விசாரணைன்னு சொல்லி தங்கியிருக்குற எல்லார் கார்டு போட்டோவையும் ஒரு வாட்ஸ்அப் குரூப்புல தினமும் போடச் சொன்னா மறுக்க முடியுமா?

பதில் 4: பாலாற்றங்கரை

முதலில் பீரோ. ரிஜிஸ்டரையும் பில் புத்தகத்தையும் தனியே எடுத்து வையுங்கள். ஜிஎஸ்டி கணக்குகளை ஆண்டுக் கணக்கு தாக்கலின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும், ஆனால் அந்தக் கணக்குக்கு ஆதார் நகல் தேவையே இல்லை. வெளிநாட்டுக்காரர் ஆவணங்களையும் தொடாதீர்கள். வழக்கு, விசாரணை என்று யாராவது கேட்டிருக்கும் தேதிகளின் தாள்களை உறையில் போட்டு ஒட்டி வையுங்கள். மீதி அழிக்கலாம்.

எடைக்குப் போடாதீர்கள். பழைய பேப்பர் கடைக்குப் போகும் ஜெராக்ஸ் பஜ்ஜிக் கடையில் மடிக்கும் காகிதமாகத்தான் திரும்பி வரும், முகமும் நம்பரும் முகவரியும் சேர்ந்தே. சின்ன ஷ்ரெடர் ஒரு கட்டு முடிவதற்குள் சூடாகி நின்றுவிடும். இவ்வளவு தாளுக்கு எளிய வழி: பின்னைப் பிடுங்கிவிட்டு, 200 லிட்டர் டிரம்மில் தளர்வாகப் போட்டு, தண்ணீர் ஊற்றி ஒரு நாள் முழுக்க ஊறவிட்டுக் கட்டையால் குத்திக் கூழாக்குவது. கட்டாகப் போட்டால் நடுவில் நனையவே நனையாது. லேமினேட் செய்த தாளும் பிளாஸ்டிக் கார்டும் ஊறாது, கத்தரியால் க்யூஆரிலும் நம்பரிலும் குறுக்கே வெட்டிவிடுங்கள்.

அவற்றை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் வைத்துவிட்டுத் தாளை அழிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் டிஜிட்டலில் இருப்பதற்கும், பின்னால் டிஜிட்டலாக மாற்றியதற்கும் பொருந்தும். வெறும் தாளுக்குப் பொருந்தாது. ஸ்கேன் செய்த அன்றே நீங்கள் அதன் வளையத்துக்குள் வந்துவிடுகிறீர்கள். விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதத்தில் நடைமுறைக்கு வரும். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் தகவல் கசிந்தால் அபராதத்தின் உச்சம் 250 கோடி ரூபாய். சின்ன லாட்ஜுக்கு அவ்வளவு விதிப்பார்களா என்பது வேறு, கசிந்ததைத் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தங்கியவர்களுக்கும் தெரிவிக்கும் வேலை உங்களுடையதாகிவிடும்.

இரண்டாவது கேள்வி. குறிப்பிட்ட ஆளையோ தேதியையோ பற்றி விசாரித்து வந்தால் உடனே ஒத்துழையுங்கள், ரிஜிஸ்டரைத் திறந்து காட்டுங்கள். ஆவணமோ பதிவோ வேண்டும் என்றால் நிலையப் பொறுப்பு அதிகாரி எழுத்தில் கேட்கப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 94-ஆம் பிரிவு இருக்கிறது, பழைய சிஆர்பிசி 91. கேமரா பதிவு தரும்போது புதிய 2023 சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவுச் சான்றிதழும் ஹாஷ் மதிப்பும் (பதிவு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் குறியீடு) சேர்த்துத் தர வேண்டும், அதற்கும் எழுத்தில் கேட்டிருப்பது உங்களுக்கே நல்லது.

தங்கியிருக்கும் எல்லார் கார்டையும் தினமும் குரூப்பில் போடுவது வேறு விஷயம். அந்தக் குரூப்பில் யார் யார் இருக்கிறார்கள், மாற்றலாகிப் போனவர் வெளியேறினாரா, எதுவும் உங்களுக்குத் தெரியாது. பணிவாக இப்படிச் சொல்லுங்கள்: "சார், பேர், ஊர், ரூம் நம்பர் லிஸ்ட் எழுதித் தர்றேன். கார்டு நகல் நாங்க வச்சுக்கிறதே இல்ல." வைத்திருக்காததை யாரும் கேட்டு வாங்க முடியாது. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பாதுகாப்பு காரணங்களுக்காக அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்க வழி வைத்திருக்கிறது. அங்கே போய்ச் சேர்ந்த நகல் என்ன ஆனது என்று தங்கியவர் கேட்க முடியாமல் போகலாம். அந்த விலக்கு இவ்வளவு அகலமாக இருப்பது தவறு என்பது என் கருத்து. அது திருத்தப்படும்வரை நம் கையில் இருக்கும் ஒரே தடுப்பு, குறைவாக வாங்குவது.

பதில் 5: ரத்தினகிரி மலைப்பாதை

தங்க வர்றவங்களுக்கும் கொஞ்சம் சொல்லணும்.

மறைத்த ஆதார் (கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியுறது) எடுக்க: மைஆதார் தளத்துல ஆதார் எண், ஓடிபி போட்டு உள்ள போங்க, டவுன்லோட் ஆதார், அங்க மாஸ்க்டுன்னு ஒரு டிக் பெட்டி. பிடிஎஃப் திறக்க பாஸ்வேர்டு, பேரோட முதல் 4 எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்துல, பின்னால பிறந்த வருஷம். பேரும் வயசும் தெரிஞ்ச யாரும் இதைக் கண்டுபிடிச்சிடலாம், அதனால பாஸ்வேர்டு இருக்குன்னு நம்பி பிடிஎஃப்பை யாருக்கும் அனுப்ப வேண்டாம். சிலருக்கு ஓடிபி ஊர்ல இருக்குற மகன் போனுக்குப் போகும், ரிசப்ஷன்லயோ ஜெராக்ஸ் கடையிலயோ அதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. கடைக் கம்ப்யூட்டர்ல இறக்கினா டவுன்லோட்ஸ்லயும் ரீசைக்கிள் பின்லயும் அழிச்சிட்டு வாங்க.

முழு கார்டுதான் இருக்குன்னா, ஜெராக்ஸ் மெஷின்ல வைக்கும்போதே முதல் 8 இலக்கத்து மேல ஒரு துண்டுக் காகிதம் ஒட்டிடுங்க. ஜெராக்ஸ் எடுத்த பிறகு மார்க்கரால அடிச்சா வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தா நம்பர் தெரியும்.

அதே தளத்துல பயோமெட்ரிக் லாக் (கைரேகை, கருவிழி, முகத்தைப் பூட்டி வைக்கிறது) போட்டுடுங்க. வெறும் நம்பரால பேங்க்ல பணம் போயிடும்னு பயமுறுத்துறது சரியில்ல, ஆதார் வழியா பணம் எடுக்க கைரேகை மாதிரி உடல் அடையாளம் வேணும். அந்தக் கைரேகையைப் பத்திரப் பதிவு ஆவணங்கள்ல இருந்து எடுத்து சிலிக்கான்ல வார்த்து மோசடி பண்ணினது உண்மை. லாக் போட்டா அந்த வழி அடைபடும். ஆனா சிகிச்சைக்கு வந்த இடத்துல ரேஷன், பென்ஷன்னு கைரேகை வைக்க வேண்டி வந்தா கொஞ்ச நேரம் திறக்கணும், அதனால ஓடிபி வர்ற போன் கைவசம் இருக்கட்டும்.

ஜெராக்ஸால வர்ற நிஜ ஆபத்து போன் கால்தான். "ஆஸ்பத்திரியில இருந்து பேசுறோம், உங்க ஆதார் கடைசி நம்பர் இது, இந்த லாட்ஜுல இந்தத் தேதியில தங்கியிருக்கீங்க, பாக்கி கட்டணும்"னு ஒருத்தன் சொன்னா, கவலையில இருக்குற குடும்பம் நம்பிடும். பணம் போயிட்டா உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடிக்கணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நிறுத்திப் பிடிக்க வாய்ப்பு.

தோட்டப்பாளையம் சார், ரிசப்ஷன்ல ஒரு போர்டு வைங்க: 'அடையாள அட்டை பார்க்கப்படும், நகல் வாங்கப்படாது. லாட்ஜிலிருந்து போன் செய்து யாரும் பணம் கேட்க மாட்டோம்.' தமிழோட வங்காளம், இந்தி, தெலுங்குலயும் எழுதுங்க. காந்தி ரோட்டுல வங்காள போர்டு எழுதுறவங்களுக்குக் குறைச்சலே இல்ல.