கான்ஃபிக் ஃபைல் (ஆப்போட அமைப்புகளை எழுதி வைக்கிற ஃபைல்) உங்களைப் படுத்திய அனுபவம் உண்டா?

நெல்லைச்சீமை:
டாம்கேட்ல (ஜாவா ஆப்களை ஓட்டுற சர்வர்) ஓடுற பில்லிங் ஆப். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, ஆப்பை மொத்தமா கட்டி வெச்ச வார் (WAR) ஃபைலுக்கு வெளியே, ‘பெயர்=மதிப்பு’ன்னு வரி வரியா எழுதுற தனி ப்ராபர்ட்டீஸ் ஃபைல்ல. பாஸ்வேர்டு மாத்தின ராத்திரி ஆப் எழுந்திரிக்கவே இல்லை. அதே பாஸ்வேர்டைக் கையால அடிச்சா டேட்டாபேஸ் உள்ள விடுது! டேட்டாபேஸைப் பார்த்துக்கற டிபிஏ "எங்க பக்கம் எல்லாம் சரி"ன்னு போனை வெச்சுட்டார். கடைசியா, ஃபைல்ல இருக்கறதைக் காட்டுற கேட் (cat) கமாண்டுக்குப் பெரிய ஏ (-A) ஆப்ஷன் குடுத்துப் பார்த்தேன். அது வரி முடியுற இடத்துல டாலர் குறி காட்டும். மத்த வரியில எல்லாம் எழுத்தை ஒட்டி நின்ன டாலர், பாஸ்வேர்டு வரியில மட்டும் ஒரு இடம் தள்ளி நின்னுச்சு. ஸ்பேஸ்! சமக்குறியை ஒட்டி வர்ற ஸ்பேஸை ஜாவா விட்டுடும், வரிக் கடைசியில இருக்கறதை மதிப்போட சேர்த்துக்கும். அன்னையில இருந்து எந்த கான்ஃபிக் வந்தாலும் முதல்ல அந்த டாலரைத்தான் தேடறேன்.

இரவுப்பணி:
பாஸ்வேர்டு ஃபைல்ல இருந்ததே தப்பு நண்பா. என்விரான்மென்ட் வேரியபிள்ல (ப்ராசஸ் ஓடத் தொடங்கும்போது அதுக்குக் குடுக்கற மதிப்பு) வைங்க. எங்க டீம்ல ஒருத்தர் பாஷ்ஆர்சி ஃபைல்ல (டெர்மினல் திறக்கும்போது ஷெல் படிக்கற .bashrc) எக்ஸ்போர்ட் போட்டிருந்தார். கையால ஸ்டார்ட் பண்ணா ஓடும், லினக்ஸ்ல சர்வீஸ்களை ஓட்டுற சிஸ்டம்டி ஸ்டார்ட் பண்ணா மதிப்பு காலி (null). சிஸ்டம்டி அந்த ஃபைலைத் தொடவே தொடாது. சர்வீஸ் ஃபைல்ல என்விரான்மென்ட்ஃபைல் வரி சேருங்க, அந்த ஃபைலுக்கு 600 பெர்மிஷன் (ஓனர் மட்டும் படிக்க, எழுத) குடுங்க, ஓனர் ரூட்டா இருக்கட்டும். ஸ்ப்ரிங் பூட்டுல (ஜாவா ஃப்ரேம்ஒர்க்) எழுதின ஆப்னா ஒர்க்கிங் டைரக்டரியையும் குறிப்பிடுங்க. வெளி கான்ஃபிக்கை அது ஆப்போட ஜார் (JAR) ஃபைல் இருக்கற இடத்துல தேடாது, ப்ராசஸ் எந்த டைரக்டரியில இருந்து ஓடுதோ அங்கதான் தேடும். சர்வீஸ் ஃபைலை மாத்தினதும், சிஸ்டம்டி அதைத் திரும்பப் படிக்க டீமன் ரீலோடு அவசியம்.

கரிசல்காடு:
@இரவுப்பணி, நீங்களும் கடைசியில ஒரு ஃபைல்லதானே வைக்கச் சொல்றீங்க? என்விரான்மென்ட்ல போட்டாலும் அதே யூசர்ல ஓடுற இன்னொரு ப்ராசஸ் ப்ராக் (/proc, ஓடுற ப்ராசஸ் விவரங்களைக் காட்டுற இடம்) வழியா படிச்சிடும். ஆப்பை டாக்கர் கன்டெய்னர்ல ஓட்டினா இன்ஸ்பெக்ட் கமாண்டே காட்டிடும். நெல்லைச்சீமையோட பிரச்சினை ஸ்பேஸ், அதுக்கு இது பதில் இல்லை.
என் கதை விண்டோஸ் சர்வர். அப்லோட் பாதையில ‘நியூ’ன்னு ஒரு ஃபோல்டர். பேக்ஸ்லாஷை அடுத்து ஆங்கில ‘n’ எழுத்து வந்ததும் ஜாவா அதைப் புது வரின்னு எடுத்துக்கிச்சு. லாக்ல பாதை ரெண்டா உடைஞ்சு, மிச்சம் அடுத்த வரியில கிடந்துச்சு.

மழைக்கால்:
யாரும் ‘எல்லாத்தையும் ட்ரிம் பண்ணிடு’ன்னு (முன்னும் பின்னும் உள்ள வெற்றிடத்தை வெட்ட) கிளம்பிடாதீங்க. சிஎஸ்வி (அட்டவணை டேட்டா) ஃபைல்ல மதிப்புகளைப் பிரிக்கிற டேப் எழுத்தை கான்ஃபிக்ல வெச்சிருந்தோம், ட்ரிம் அதையும் தின்னுடுச்சு.
எங்களைப் படுத்தினது தமிழ். ரசீதோட தலைப்பு வாசகம் வெளி ப்ராபர்ட்டீஸ்ல. அச்சுல பார்த்தா எழுத்துக்கு எழுத்து தலையில கோடு போட்ட ஏ, பக்கத்துல வட்டத்துக்குள்ள ஆர்! கவுன்டர்ல ஒரு பெரியவர் அந்த ரசீதை வெளிச்சத்துல பிடிச்சு, "எங்க சங்கம் பேரு எங்கம்மா?"ன்னு கேட்டார். ஃபைலை வெறும் பைட்டா தர்ற இன்புட்ஸ்ட்ரீம் குடுத்து லோடு பண்ணா ஜாவா லத்தீன்-1 (தமிழ் இல்லாத பழைய எழுத்துக் குறியீடு) னுதான் படிக்கும். தமிழ் எழுதப்பட்ட யுடிஎஃப்-8 குறியீட்டைச் சொல்லி, எழுத்தா படிக்கற ரீடரைக் குடுத்ததும் பேர் வந்துடுச்சு. ஜாவா 9 வந்தா சரியாயிடும்னு எங்க டீம்லயே வாதாடினாங்க. அந்த மாற்றம் ரிசோர்ஸ் பண்டிலுக்கு (மொழிவாரி வாசகங்களை எடுக்கற ஜாவா வசதி) மட்டும்தான், ப்ராபர்ட்டீஸ் லோடுக்கு இல்லை.