பவர் பிஐ கேட்வே கிளஸ்டர்: ஆம்பூர் ரிப்போர்ட்டில் ராணிப்பேட்டை கணக்கு வருகிறது, உதவி தேவை

ஆம்பூர்_எம்ஐஎஸ்

வணக்கம். ஷூ அப்பர் தைக்கும் யூனிட் இரண்டு. ஒன்று ராணிப்பேட்டை சிப்காட்டில், மற்றது ஆம்பூரில். தனித்தனி லோக்கல் நெட்வொர்க், நடுவில் விபிஎன் (இரண்டையும் இணைக்கும் தனி இணைப்பு) கிடையாது. இரண்டு இடத்திலும் எஸ்கியூஎல் சர்வர் ஐபி 192.168.1.10 தான். மென்பொருள் போட்டவர் டேட்டாபேஸ் பெயர், யூசர், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் இரண்டு யூனிட்டிலும் ஒன்றாகவே வைத்துவிட்டார்.

முன்பு யூனிட்டுக்கு ஒரு கேட்வே (யூனிட்டில் இருக்கும் டேட்டாவை கிளவுடில் உள்ள பவர் பிஐ ரிப்போர்ட் சேவைக்கு அனுப்பும் மென்பொருள்) இருந்தது, பிரச்சினை இல்லை. காலை 6:00 மணிக்கு ஆறு மாடல்களும் (ரிப்போர்ட்டுக்கு அடியில் இருக்கும் டேட்டா தொகுப்புகள்) ரிஃப்ரெஷ் ஆகி புது டேட்டாவை எடுக்கும்போது ராணிப்பேட்டை மெஷினில் சிபியு 95 சதவீதத்தைத் தொடுகிறது என்பதால், சென்ற வாரம் ஆம்பூர் கேட்வேயை ராணிப்பேட்டை கிளஸ்டரில் (சேர்ந்து வேலை செய்யும் கேட்வேக்களின் குழு) இரண்டாவது மெம்பராகச் சேர்த்து, வேலையைப் பகிர்ந்தளிக்கும் டிக்கையும் போட்டோம். அதிலிருந்து:

1. ஆம்பூர் உற்பத்தி ரிப்போர்ட்டில் சில நாள் ராணிப்பேட்டை ஜோடி எண்ணிக்கை வருகிறது. எரர் இல்லை, ரிஃப்ரெஷ் "வெற்றி" என்றே காட்டுகிறது.
2. வருகைப் பதிவு மாடல் (மைஎஸ்கியூஎல்) ஒரு நாள் ஓடும், மறுநாள் டிரைவர் (டேட்டாபேஸோடு பேச உதவும் மென்பொருள்) இல்லை என்று விழும்.

இரண்டுமே பவர் பிஐ ப்ரோ லைசென்ஸ். எங்கே தவறு?

காட்பாடி_நெட்வொர்க்

முதலில் அந்த டிக்கை எடுங்கள். கனெக்‌ஷன்ஸ் அண்ட் கேட்வேஸ் பக்கத்தில் அந்தக் கேட்வேயின் செட்டிங்ஸில் இருக்கிறது. மீதியை அப்புறம் பார்க்கலாம்.

காரணம் இது. கிளஸ்டரில் இருக்கும் எந்த மெம்பரும் எந்த வேலையையும் செய்ய முடியும் என்று நம்பித்தான் பவர் பிஐ கோரிக்கையை அனுப்புகிறது. பகிர்ந்தளிப்பு போட்டிருந்தால் மெம்பரை எடுத்தேன் கவிழ்த்தேன் என்றுதான் எடுக்கும். எந்த டேட்டா எந்த ஊரில் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. கனெக்‌ஷனில் "192.168.1.10" என்று எழுதியிருக்கிறது. அந்த முகவரியைத் தேடுவது கோரிக்கை போய்ச் சேர்ந்த மெஷின், அதுவும் தன் சுவிட்சுக்குப் பின்னால்தான் தேடும். ஆம்பூர் மாடலின் கோரிக்கை ராணிப்பேட்டை மெம்பரிடம் போனால் அங்குள்ள 1.10 கதவைத் திறக்கிறது. பாஸ்வேர்டும் பொருந்துகிறது, டேபிள் பெயரும் பொருந்துகிறது, எரர் எப்படி வரும்? கிளஸ்டரின் ரெகவரி கீ (சேமித்த பாஸ்வேர்டுகளைப் பூட்டும் சாவி) ஒன்றுதான் என்பதால் சேமித்த பாஸ்வேர்டை இரண்டு மெம்பராலும் அவிழ்க்க முடியும்.

மைஎஸ்கியூஎல் விழுவதும் இதே நோய். டிரைவர் ஒரு மெஷினில்தான் இருக்கிறது.

டிக்கை எடுத்தாலும் முழுத் தீர்வு இல்லை, கவனம். அப்போது கோரிக்கை எல்லாம் பிரைமரிக்குப் போகும். பிரைமரி அணைந்திருந்தால் அடுத்த மெம்பருக்குத் தாவும். ஆம்பூர் மாடல் இன்று முதல் தினமும் ராணிப்பேட்டை கணக்கையே எடுக்கும். அதனால் பிரிக்கும் வரை ஆம்பூர் மாடலின் ஷெட்யூலையும் நிறுத்தி வையுங்கள்.

ஆற்காடு_டிபிஏ

சந்தேகம் தீர ஒரு சோதனை. உற்பத்தி டேபிளின் நேட்டிவ் குவெரியில் (கையால் எழுதும் எஸ்கியூஎல் கட்டளை) @@சர்வர்நேம் என்பதை ஒரு காலமாகச் சேர்த்து ரிஃப்ரெஷ் செய்யுங்கள் (ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்). எந்த சர்வரிலிருந்து வரிசை வந்தது என்று ரிப்போர்ட்டிலேயே தெரியும். பிரச்சினை முடிந்ததும் எடுத்துவிடுங்கள். நேட்டிவ் குவெரி போட்டால் அதற்குப் பின் வரும் ஃபில்டர் படிகள் பெரும்பாலும் சர்வருக்குப் போகாமல் கேட்வே தலையில் விழும்.

சத்துவாச்சாரி_டேட்டா

இரண்டு ஊருக்கும் விபிஎன் போட்டு, ஒரே கிளஸ்டராகவே வைத்துக்கொள்ளலாமே? ஆம்பூரை 192.168.2.0 வரிசைக்கு மாற்றினால் ஐபி மோதாது.

காட்பாடி_நெட்வொர்க்

மாற்றலாம். ஆனால் பிரிண்டர், பயோமெட்ரிக், பார்கோடு ஸ்கேனர் என்று ஐபி கையால் போட்ட அத்தனையையும் மாற்ற வேண்டும். மாற்றினாலும் பாதி நேரம் ஆம்பூர் டேட்டா விபிஎன் வழியாக ராணிப்பேட்டைக்குப் போய், அங்கிருந்து கிளவுடுக்கு ஏறும். ஒரே டேட்டா இரண்டு லைனைத் தின்னும். ரிப்போர்ட்டுக்காக மட்டும் என்றால் வேண்டாம். டேட்டா இருக்கும் நெட்வொர்க்கிலேயே அதன் கேட்வே இருக்கட்டும்.

பிரிக்கும் முறை:

ஆம்பூர் மெம்பரைக் கிளஸ்டரிலிருந்து நீக்குங்கள். அது பிரைமரி இல்லை என்பதால் நேரடியாக நீக்கலாம். ஆம்பூர் மெஷினில் கேட்வேயை அன்இன்ஸ்டால் செய்து, மறுபடி போடும்போது "புதிய கேட்வேயாகப் பதிவு செய்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். "இருக்கும் கிளஸ்டரில் சேர்" என்ற பெட்டியைத் தொடாதீர்கள். புது ரெகவரி கீ கொடுங்கள். அதைத் தாளில் எழுதி அலமாரியில் வையுங்கள், தொலைந்தால் மைக்ரோசாஃப்ட்டாலும் மீட்டுத் தர முடியாது. பின் புதிய கேட்வேயின் கீழ் 192.168.1.10 கனெக்‌ஷனை உருவாக்கி, ஆம்பூர் மாடலின் செட்டிங்ஸில் இந்தக் கேட்வேயைத் தேர்ந்தெடுத்து மேப் செய்யுங்கள். இரண்டு சர்வருக்கும் பாஸ்வேர்டை வேறு வேறாக மாற்றிவிடுங்கள். இனி தவறிப் போனாலும் லாகின் தோல்வி என்று சத்தமாக விழும். வாய் மூடிக்கொண்டு தப்புக் கணக்கு தருவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

ஃபயர்வாலில் உள்ளே வரும் போர்ட் எதையும் திறக்க வேண்டாம். கேட்வே வெளியேதான் பேசும். எச்டிடிபிஎஸ் மோடில் 443 போதும்.

ஆம்பூர்_எம்ஐஎஸ்

மிக்க நன்றி. @@சர்வர்நேம் போட்டதும் ராணிப்பேட்டை பெயர் வந்தது, பிரித்துவிட்டோம். இரண்டு கேள்வி. இரண்டு யூனிட்டையும் சேர்த்து ஒரே ரிப்போர்ட் நிர்வாகம் கேட்கிறது. ஒரு மாடலுக்கு இரண்டு கேட்வே தர முடியவில்லை. அடுத்து, ராணிப்பேட்டையின் 95 சதவீதம் அப்படியே இருக்கிறது. கேட்வே எஸ்கியூஎல் சர்வர் மெஷினிலேயே ஓடுகிறது, 4 கோர், 16 ஜிபி.

சத்துவாச்சாரி_டேட்டா

முதல் கேள்விக்கு டேட்டாஃப்ளோ (டேட்டாவை எடுத்துக் கிளவுடில் வைக்கும் பவர் பிஐ வசதி). யூனிட்டுக்கு ஒரு டேட்டாஃப்ளோ, அதனதன் கேட்வே வழியாக. சேர்ந்த மாடல் இந்த இரண்டு டேட்டாஃப்ளோவிலிருந்து படிக்கும். இரண்டும் கிளவுடிலேயே இருப்பதால் அந்த மாடலுக்குக் கேட்வேயே தேவையில்லை. சாதாரண டேட்டாஃப்ளோவுக்கு ப்ரோ போதும். ஒவ்வொன்றிலும் "யூனிட்" என்று ஒரு காலம் சேர்த்துவிட்டு அப்பெண்ட் செய்யுங்கள் (ஒன்றின் கீழ் ஒன்றாகச் சேருங்கள்).

ஷெட்யூல் இடைவெளி முக்கியம். 6:00 என்று போட்டால் டாணென்று 6:00க்குத் தொடங்காது. 15 நிமிடத்துக்குள் தொடங்கப் பார்க்கும், நெரிசல் இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளும். டேட்டாஃப்ளோ 5:00, மாடல் 7:00 என்று வையுங்கள். ப்ரோவில் ஒரு மாடலுக்கு நாளைக்கு 8 முறைதான், அரை மணி நேரக் கட்டங்களில்தான். தொடர்ந்து நான்கு முறை தோற்றால் ஷெட்யூல் தானாகவே அணைந்துவிடும். வருகைப் பதிவு மாடலுக்கு அது நடந்திருக்கிறதா பாருங்கள்.

ஆற்காடு_டிபிஏ

95 சதவீதத்துக்கு: கேட்வேயை சர்வர் மெஷினிலிருந்து இறக்குங்கள். குவெரி ஓட்டுவதும் அங்கே, கேட்வேயின் மாஷப் கன்டெய்னர்கள் (டேட்டாவைப் பக்குவப்படுத்தும் ப்ராசஸ்கள்) அதை மாவாக அரைப்பதும் அங்கே என்றால் 4 கோர் தாங்காது. தனியாக 8 கோர், 8 ஜிபி, எஸ்எஸ்டி உள்ள ஒரு மெஷின். அதே நெட்வொர்க்கில், கேபிளில். வைஃபை வேண்டாம், ஸ்லீப் மோட் வேண்டாம். உடனே மெஷின் கிடைக்காது என்றால், எஸ்கியூஎல் சர்வருக்கு மேக்ஸ் சர்வர் மெமரி 10 ஜிபி என்று கட்டுங்கள். கட்டாவிட்டால் ரேம் முழுவதையும் அதுவே எடுத்துக்கொள்ளும்.

அதற்கு முன் செலவில்லாத வேலை ஒன்று: ஆறு மாடலையும் 6:00க்கே வைக்காதீர்கள். உற்பத்தி 5:00, வருகை 5:30, மாதக் கணக்கு மதியம். கேட்வேயின் ரிப்போர்ட் ஃபோல்டரில் குவெரி எக்ஸிக்யூஷன் ரிப்போர்ட் என்ற ஃபைல் இருக்கும். எந்தக் குவெரி எத்தனை மில்லி செகண்ட் என்று வரிசையாக வரும். நேரம் யூடிசி, அதில் 00:30 என்றால் நமக்குக் காலை 6:00. குவெரி நேரம் அதிகம் என்றால் இண்டெக்ஸைப் பாருங்கள். டேட்டா ப்ராசசிங் நேரம் அதிகம் என்றால் கேட்வே மெஷினையும், ஸ்பூலிங் (டேட்டாவைத் தற்காலிகமாக டிஸ்க்கில் எழுதுவது) நேரம் அதிகம் என்றால் டிஸ்க்கையும். அப்லோட் வேகத்தையும் மறக்க வேண்டாம்: 600 எம்பி டேட்டா 10 எம்பிபிஎஸ் லைனில் ஏற, சுருக்கத்தைக் கணக்கில் எடுக்காமல், 8 நிமிடம்.

காட்பாடி_நெட்வொர்க்

இவ்வளவும் செய்த பிறகும் போதவில்லை என்றால் ராணிப்பேட்டைக்குள்ளேயே இரண்டாவது மெம்பர் சேர்த்து, இப்போது அந்த டிக்கைப் போடுங்கள். இரண்டிலும் ஒரே வெர்ஷன், ஒரே டிரைவர். ஓடிபிசி (டேட்டாபேஸோடு இணைக்கும் பொது முறை) இருந்தால் ஒரே பெயரில் 64-பிட் சிஸ்டம் டிஎஸ்என் (அந்த இணைப்பின் பதிவு). எக்செல் ஃபைலுக்கு இசட் டிரைவ் மாதிரி மேப் செய்த பாதை கூடாது, சர்வர் பெயரோடு முழு ஷேர் பாதை. அப்டேட் போடும்போது ஒவ்வொன்றாக டிஸேபிள் செய்து போடுங்கள்.

வேலைப் பங்கீடு டேட்டா அளவைப் பார்ப்பதில்லை, அதனால் கனமான இரண்டு ரிஃப்ரெஷும் ஒரே மெம்பரில் விழலாம். அதைத் தடுக்க கேட்வே கோர் கான்ஃபிக் ஃபைலில் சிபியு யூடிலைசேஷன் பெர்சன்டேஜ் த்ரெஷோல்ட் 80, மெமரிக்கும் 80 என்று வைத்து சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டு மெம்பரிலும் வைக்க வேண்டும். 0 என்றால் அந்தக் கட்டுப்பாடு இல்லை என்று பொருள். 5 நிமிடச் சராசரியைத்தான் அது பார்க்கும். எல்லா மெம்பரும் 80ஐத் தாண்டியிருந்தால் கோரிக்கை காத்திருக்காது, தோற்றுவிடும். அதனால் 50, 60 என்று இறக்க வேண்டாம்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் இரண்டு மெம்பரும் ஒரே யூபிஎஸ்ஸில் இருந்தால் இரண்டாவதால் பயனில்லை. ரௌட்டரும் ஃபைபர் பெட்டியும் யூபிஎஸ்ஸில் இருக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் அவைதான் விட்டுப்போகும்.

ஆற்காடு_டிபிஏ

@ஆம்பூர்_எம்ஐஎஸ், உற்பத்தி மாடலில் இன்கிரிமென்டல் ரிஃப்ரெஷ் (கடைசிச் சில நாட்களை மட்டும் புதுப்பிப்பது) போட்டிருக்கிறீர்களா?

ஆம்பூர்_எம்ஐஎஸ்

ஆம், கடைசி 3 நாள் மட்டும்.

ஆற்காடு_டிபிஏ

அப்படியென்றால் வேலை முடியவில்லை. சென்ற வாரம் தவறாக ஏறிய நாட்களில் 3 நாளைத் தாண்டியவை அப்படியே உறைந்திருக்கும், இனி எத்தனை ரிஃப்ரெஷ் ஓடினாலும் அவற்றைத் தொடாது. ப்ரோவில் வழி: டெஸ்க்டாப் ஃபைலை மறுபடி பப்ளிஷ் செய்யுங்கள். பழைய பார்ட்டிஷன்கள் (காலவாரியாகப் பிரித்துச் சேமித்த துண்டுகள்) அழிந்து, அடுத்த ரிஃப்ரெஷில் முழு வரலாறும் முதலிலிருந்து ஏறும். 2 மணி நேர வரம்பு இருப்பதால் ஞாயிற்றுக்கிழமை வேறெதுவும் ஓடாத நேரத்தில் செய்யுங்கள். முடிந்ததும் நாள்வாரி ஜோடிக் கணக்கை ஆம்பூர் சர்வரோடு நேரடியாக ஒப்பிட்டுப் பாருங்கள். அதுவரை அந்த வாரக் கணக்கை வைத்து யாருக்கும் பீஸ் ரேட் கூலி போட வேண்டாம் என்று கணக்குப் பிரிவுக்குச் சொல்லிவிடுங்கள்.